கேட்டதைக் கழித்த கர்னல்காரர்கள்

இக்கதையைக் கோவில்பட்டியில் கணினிப் பழுது பார்க்கும் அருள்தாசன் சொல்ல, 2014 ஆவணியில் கேட்டேன். அவர் சொன்ன வரிசை மாறாமல் தருகிறேன்.

கணினியை இயக்கியதும் முதலில் விழித்து, மற்ற பாகங்களை எழுப்பும் மென்பொருள்தான் கர்னல். அதைக் கணினியின் மூளையான சில்லுக்குத் தக்கவாறு கட்டித் தரும் மூவர் ஓர் ஊரில் இருந்தனர். பெரிய சில்லுக்கு வன்னியநாதன். நடுச் சில்லுக்குச் சூசைமாணிக்கம். சின்னச் சில்லுக்கு இசக்கிராஜ். வெளியூர் புறப்பட்ட அவர்கள் தலைவர் இவ்வாறு கட்டளையிட்டார்: "யாரும் கேட்காமலே கர்னலில் இருக்க வேண்டியதுதான் இயல்பமைப்பு. அப்படி இருக்க வேண்டியவற்றைச் சில்லுக்கு ஒரு பட்டியலாக எழுதுங்கள். சின்னச் சில்லுக்குப் பட்டியல் சின்னதாக இருக்கட்டும்."

இசக்கிராஜ் பெரிய சில்லின் பட்டியலையே எறும்பெழுத்தில் எழுதினார். மற்ற இருவரும் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்து மெச்சினர்.

அப்போது நீரேற்று நிலையத்துக் கொண்டல்சாமி வந்தார். அங்கே மோட்டாரை இயக்கும் கருவி எரிந்துபோய், சின்னச் சில்லு வைத்த புதுக்கருவி கர்னலுக்காகக் காத்திருந்தது. நான்கு நாளாக ஊருக்குத் தண்ணீர் இல்லை. அவர் வீட்டு வாசலில் காலிக்குடங்கள் வரிசை கட்டியிருந்தன.

"தம்பிகளா, பட்டியல்ல மோட்டார் இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி, நாப்பதாவது வரியில."

"அப்பாடா! அது கட்டாயம் வேணும்."

மூவர் முகமும் வெளிறின.

"கேட்டுட்டாரே!" என்றார் வன்னியநாதன்.

"கேக்காம இருக்கிறதுதான இயல்பமைப்பு? இனி அது எப்படி இருக்கும்?" என்றார் சூசைமாணிக்கம்.

இசக்கிராஜ் நாற்பதாவது வரியை அழித்தார். பதறிய கொண்டல்சாமி, "கடிகாரமாவது இருக்கட்டும்! விளக்காவது எரியட்டும்!" என்றார். அவையும் போயின. முடிவில், துருவப் பனியை அளக்கும் மானியும் விளையாட்டுக் கைப்பிடியுமே மிஞ்சின. அவற்றை எவரும் கேட்டதில்லை.

கொண்டல்சாமி சற்று யோசித்தார். "நல்லாக் கேளுங்க. எனக்கு மோட்டார் வேண்டவே வேண்டாம்!"

மூவரும் கூடினர்.

"மோட்டார் இல்லாமையைக் கேக்காரு."

"கேட்டது இருக்கக் கூடாது. அப்போ இல்லாமை இருக்கக் கூடாது."

"இல்லாமை இல்லேன்னா என்ன இருக்கும்?"

விரல் மடக்கி நெடுநேரம் எண்ணிய இசக்கிராஜ் கூவினார்: "மோட்டார்!"

நிலையத்துக்கே சென்று கர்னலைப் பொருத்தினர். தண்ணீர் பீறிட்டது. கொண்டல்சாமிக்குக் கண் கலங்கியது. "எப்பவும் இப்படியே ஓடணும், தம்பிகளா!" என்று கைகூப்பினார்.

இசக்கிராஜ் பெருமூச்சுடன் மடிக்கணினியைத் திறந்தார். "நல்லாத்தான போயிட்டிருந்துச்சு அண்ணாச்சி. ஏன் கேட்டீங்க?"

தண்ணீர் நின்றது.

சாத்தூர்ப் பக்கம் முடிவு வேறு. அங்கே தண்ணீர் பீறிட்டதும் கொண்டல்சாமி எதுவும் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார். மோட்டாரை இப்போது யாருமே கேட்கவில்லை என்று மகிழ்ந்த மூவரும், அதை எல்லாச் சில்லுகளின் பட்டியலிலும் சேர்த்துவிடுகின்றனர். அன்றுமுதல் அவ்வூரில் கைப்பேசியைத் திறந்தால், அது முதலில் கிணற்றைத் தேடுகிறதாம்.