வரைபடத்துக்குள் நடந்தவர்

மகன் போன பிறகு நாச்சிமுத்துவின் மனதில் ஒரு சந்தேகம் உட்கார்ந்துகொண்டது. அதைக் கேட்கத் தோதான ஆள் ஊரில் இல்லை. அதனால் ஒரு சனிக்கிழமை மில்லைப் பூட்டிவிட்டு, மலையடிவாரத்தில் இருந்த கட்டடக்கலைக் கல்லூரிக்குப் பஸ் ஏறினார்.

மில் என்றால் பெரிய ஆலை ஒன்றும் இல்லை. மாவரைக்கிற மில்தான். அந்த இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை கேட்கும்.

"ஜெசிந்தா டீச்சர் எங்கீங்க?" என்று அவர் கேட்டதில் நூலகத்துக்குள் இருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள்.

மகனுக்குப் பாடம் எடுத்த ஜெசிந்தா அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தார். அந்தக் கல்லூரியில் அவர் வாயால் பாராட்டு வாங்கிய மாணவன் யாரும் கிடையாது என்று பேச்சு. ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டு "ம்" என்று சொன்னாரானால் அன்றைக்குப் பையன்கள் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடுவார்கள்.

"நவநீதனோட அப்பாங்க," என்றார் நாச்சிமுத்து.

ஜெசிந்தா எழுந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

நாச்சிமுத்து தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எம் பையன் போட்ட படத்துக்கு இங்க மாலை போட்டு மாட்டி வெச்சாங்க. உங்க காலேஜ் பெரியவரு மைக்கைப் புடிச்சுட்டு அபாரம், அற்புதம்னாரு. பசங்க அழுதாங்க. கேடயத்தோட அந்தப் படத்தையும் சுருட்டி எங்கிட்டக் குடுத்தாங்க. நீங்க மட்டும் ஒண்ணும் பேசலீங்க."

"ஆமாங்க. பேசல."

"செத்தவனை யாரும் குறை சொல்ல மாட்டாங்க. அது எனக்கும் தெரியுமுங்க. அதனாலதான் உங்ககிட்ட வந்தன். அந்தப் படம் நெசமாலுமே நல்லா இருந்துதுங்களா? எம் பையன் கெட்டிக்காரனுங்களா, இல்ல பாவம்னு சொல்றாங்களா?"

ஓவியர்கள் தங்கி வேலை செய்யச் சில அறைகள். அவர்கள் வரைந்ததை ஊரார் வந்து பார்க்க ஒரு கூடம். நவநீதன் தன் கடைசி வருஷத்துக்கு வரைய எடுத்துக்கொண்ட கட்டடம் அதுதான். முக்கால்வாசி முடித்திருந்தான். ஒரு நாள் காலையில் கல்லூரிக்கு வருகிற வழியில், பாலத்துக்குப் பக்கத்தில், மழைச் சேற்றில் வண்டி சறுக்கிவிட்டது.

ஒருமுறை அவன் அந்தப் படத்தை மில்லுக்கே கொண்டு வந்து மாவு மூட்டைகளின் மேல் விரித்திருக்கிறான். "அப்பா, ஒரு நிமிஷம் பாருங்க." இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "எனக்கு என்னடா தெரியும், மாவு பட்டுரும், சுருட்டி வை," என்று கத்தினார் நாச்சிமுத்து. அவனும் சிரித்துக்கொண்டே சுருட்டிவிட்டான். இப்போது அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

"உங்களுக்குப் படம் பார்க்கத் தெரியுமாங்க?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"தெரியாதுங்க."

"அப்ப நான் நல்லா இருக்குன்னு சொன்னாலும், அதுவும் மைக்குல சொன்ன மாதிரிதான் இருக்கும்."

"அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"அடுத்த சனிக்கிழமை வாங்க. பார்க்கக் கத்துக்குங்க."

நாச்சிமுத்துவுக்கு வந்ததே கோபம். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வதை விட்டுவிட்டு, இந்த வயதில் பள்ளிக்கூடம் போகச் சொல்கிறாரே இந்த அம்மா! பஸ்ஸில் ஊர் வந்து சேருகிறவரை ஜெசிந்தாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தார். அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கே போய் நின்றார்.

ஜெசிந்தா ஒரு சின்ன வீட்டின் வரைபடத்தை மேஜையில் விரித்தார்.

"கூரையைத் தூக்கி வெச்சுட்டு மேல இருந்து பார்க்கிறீங்கன்னு நெனச்சுக்குங்க."

"மழை வந்தா என்னங்க பண்றது?"

"வராது. வாசல்ல இருந்து விரலாலயே உள்ள நடந்து போங்க."

நாச்சிமுத்து ஆள்காட்டி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு தெருவிலிருந்து நேராகச் சமையலறைக்குப் போனார்.

"சுவத்துல முட்டிட்டீங்க," என்றார் ஜெசிந்தா.

அவர் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டார்.

சுவர் எது, ஜன்னல் எது என்று ஜெசிந்தா காட்டினார். வளைந்த சின்னக் கோடு கதவு; அது எந்தப் பக்கம் திறக்கும் என்பதைச் சொல்கிற கோடு. மகன் வரைந்ததில் அந்த மாதிரி நிறைய இருப்பதை நாச்சிமுத்து பார்த்திருக்கிறார். தேங்காய்ச் சில்லு மாதிரி எதற்கு இத்தனை போட்டிருக்கிறான் என்று அப்போது நினைத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

சனிக்கிழமைகள் போயின. மில்லில் ஆள் இல்லாத நேரத்தில், பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் தன் வீட்டை வரைந்து பார்த்தார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மகன் போன நாளிலிருந்து அவர் மனைவி யாரிடமும் வாய் திறந்து பேசுவதில்லை. அந்த அம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாத்ரூம் எங்க?" என்று கேட்டாள். நாச்சிமுத்து சாப்பாட்டை விட்டுவிட்டு, அப்போதே பென்சிலை எடுத்து பாத்ரூமைப் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவர் அதைச் சொல்லக் கேட்ட ஜெசிந்தா, "அடுத்த வாரம் அவனோட படத்தை எடுத்துட்டு வாங்க," என்றார்.

அடுத்த வாரம் வந்தது. சுருளை விரித்து, நான்கு மூலையிலும் கைக்குக் கிடைத்ததை வைத்து அழுத்தினார்கள்.

"படத்துக்குள்ள நீங்க யாரு?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"நானுங்களா? ஊர்க்காரனுங்க. ஓவியம் பாக்க வந்திருக்கறன்."

"சரி. நடங்க."

வெளிக்கேட்டைத் தாண்டி உள்ளே நுழைந்தார். இடது கைப்பக்கம் ஒரு பெரிய வட்டம், உள்ளே 'வேம்பு' என்ற எழுத்து. "வேப்பமரமுங்க. வெட்டாம விட்டிருக்கான்," என்றார். முகத்தில் வெளிச்சம் வந்தது. வராந்தா. அகலமான படி. படியில் கொஞ்சம் நின்றார். ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் உயரமான ஜன்னலோடு ஓர் அறை. நடுவில் படம் வரைகிற பலகை, ஓரமாக ஒரு மேஜை.

"இது ஓவியர் இருக்கற ரூமுங்க. காத்து நல்லா வரும்." அந்த அறையைக் கடந்து அடுத்த கதவைத் திறந்தார். அங்கேயும் ஒரு பலகை, ஒரு மேஜை. அடுத்த கதவு. அங்கேயும் அப்படியே.

விரல் நின்றது.

"இங்க ஒருத்தரு வேலை பாத்துட்டு இருப்பாருங்களே?"

"இருப்பாரு."

"நான் குறுக்க போறனே?"

நாச்சிமுத்து விரலை எடுத்து மறுபடி கேட்டிலேயே வைத்தார். மரத்தைச் சுற்றி இடது பக்கம் போனார், சுவர். வலது பக்கம் போனார், அங்கேயும் சுவர். பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தார். கூடத்துக்குப் போக வேண்டுமானால் யாராவது ஓர் ஓவியரின் முதுகை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். வேறு வழியே இல்லை. ஆனாலும் அவர் இன்னொரு தடவை முதலிலிருந்து நடந்து பார்த்தார். ஒரு கதவைத் தான் பார்க்காமல் விட்டிருக்கலாம் இல்லையா? அப்படி ஒரு கதவு இல்லை.

"நான் தப்பா நடக்கறனுங்களா?"

"இல்லைங்க. சரியாத்தான் நடக்கிறீங்க."

"அப்ப எம் பையன் தப்புப் பண்ணிட்டானுங்களா?"

முதல் தடவையாக அவர் குரல் மேஜையைத் தாண்டிக் கேட்கவில்லை.

ஜெசிந்தா அடியில் இருப்பது தெரிகிற டிரேசிங் தாள் ஒன்றை எடுத்து அந்தப் படத்தின் மேல் பரப்பினார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். சிவப்புப் பென்சில். அந்த அறைகளைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் வழக்கமான அவசரக் கையெழுத்தில் எழுதினார்: 'இங்கே வரைகிறவன் எப்போது தனியாக இருப்பான்?'

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. செத்தவன் படத்திலே போய்ச் சிவப்பை வைக்கிறீர்களே, உங்களுக்கு ஈவு இரக்கம் இல்லையா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. வந்தது அங்கேயே நின்றது.

இத்தனை மாதமாக நவநீதனை ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. தங்கம் என்றார்கள், மாணிக்கம் என்றார்கள், தெய்வக் குழந்தை என்றார்கள். அந்தத் தங்கத்துக்குள்ளும் மாணிக்கத்துக்குள்ளும் அவர் தன் பையனைத் தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டுத் தொட்டி வழிய வழியத் தூங்குகிறவன் அவர் பையன். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் கழுவாமல் அரிசியைப் போட்டுவிட்டு அசடு வழிய நிற்கிறவன். அவனைத் திட்ட இன்றைக்குத்தான் ஓர் ஆள் கிடைத்திருக்கிறது.

"இப்பதாங்க எம் பையன் மாதிரி இருக்கான்," என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து அழுதார். பேசுகிற மாதிரியேதான் அழுதார். பக்கத்து வகுப்பில் சத்தம் நின்றுபோயிற்று. ஜெசிந்தா அவரைத் தேற்றவில்லை. எழுந்து போய்க் கதவை மட்டும் சாத்திவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இதை அவன்கிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"சொன்னேங்க. இதே இடத்துல இதே மாதிரி போட்டேன்."

"என்ன சொன்னான்?"

"சண்டைக்கு வந்தான். வேலை நடக்கிறதை ஜனங்க பக்கத்துல நின்னு பார்க்கணும் மேடம், எங்கப்பா அப்படித்தான் வேலை செய்வாருன்னான்."

நாச்சிமுத்து முகத்தைத் துடைத்த துண்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். மில்லில் அரிசி கொண்டு வருகிறவர்கள் வாசலில் நிற்பதில்லை. இயந்திரத்தைச் சுற்றி நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் நைசாக விடு என்பார்கள், சூடேறுது பார் என்பார்கள். கையை மாவுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் நவநீதன் தவழ்ந்து வளர்ந்தான்.

"அதுக்கு நீங்க என்னங்க சொன்னீங்க?"

"அரிசிக்குக் கூச்சம் கிடையாது, படம் போடறவனுக்கு உண்டுன்னு சொன்னேன்."

அழுகைக்கு நடுவில் நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒத்துக்கிட்டானுங்களா?"

"லேசுல இல்ல. சாயங்காலம் வரைக்கும் வாதாடிட்டுத்தான் ஒத்துக்கிட்டான். நானும் சில வழி சொன்னேன். இங்க ஒரு தனி நடை விடலாம், அங்க ஒரு சுவர் வைக்கலாம்னு. அவனுக்கு ஒண்ணுமே பிடிக்கல. ஜனங்களும் பக்கத்துல இருக்கணும், இவங்களும் தனியா இருக்கணும், அப்படி ஒரு வழி இருக்கும் மேடம், காலைல கண்டுபிடிச்சுட்டு வர்றேன்னுட்டுப் போனான்."

நாச்சிமுத்து மேஜையில் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்து ஜெசிந்தாவின் பக்கம் நீட்டினார்.

"அந்த வழியை நீங்க போட்டுக் குடுத்துருங்க டீச்சர். குறையில்லாம முடிச்சு வீட்டுல மாட்டறன். அவங்கம்மா பாக்கட்டும்."

ஜெசிந்தா பென்சிலை வாங்கிக்கொண்டார். படத்தின் மேல் குனிந்தார். பென்சில் முனை தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச வழி எல்லாம் அவன் வேண்டாம்னு சொன்ன வழிங்க."

வெளியே மணி அடித்தது. மாணவர்கள் நடைபாதையில் பேசிக்கொண்டு போனார்கள். நாச்சிமுத்து தன் மகன் விட்டு வைத்த வேப்பமரத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டி சறுக்குன அன்னிக்குக் காலைல அவன் சந்தோசமாத்தானுங்க கெளம்புனான்," என்றார். "தோசையைப் பாதில வெச்சுட்டு ஓடுனான். ஏன்டான்னு கத்துனன். மேடத்தைப் பாக்கோணும்னான். மூஞ்சி அப்படிச் சிரிப்பா இருந்துது." விரலை மரத்திலிருந்து எடுத்தார். "கண்டுபுடிச்சிருப்பானுங்களா டீச்சர்?"

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கண்டுபிடிச்சுட்டுத்தான் வருவான்னு, அன்னைக்குக் காலைல நான் கிளாசுக்குக்கூடப் போகாம இங்கயே உக்காந்திருந்தேங்க."