செருப்புக் குவியலும் ஒற்றை அட்டவணையும்

மலைக்கோயிலில் கணினி பார்த்தவள் பொற்கொடி, ஒப்பந்த ஊழியர். இருபது வருஷ தரிசனப் பதிவையும் ஒரே அட்டவணையில் கொட்டச் சொன்னவர் நிர்வாக அதிகாரி வைத்தியலிங்கம். ஒரு பெயரைத் தேடி எடுப்பதற்குள் பக்தர்கள் வெயிலில் காய்ந்தார்கள். திட்டு மட்டும் அவளுக்கு.

"வருஷவாரியாப் பிரிச்சு வெச்சா சட்டுனு கிடைக்கும் சார்."

"சாமி பதிவைத் துண்டு போடுவியா? ஒரே இடத்துல கிடக்கிறதுதான் பெருமை. நாளைக்குள்ள தேடுற பேரு வேகமா வரணும். இல்லேன்னா வேலைக்கு வராதே!"

என்ன நியாயம் இது?

மறுநாள் உச்சிக்கால பூஜைக்கு அதிகாரியும் ஊழியர்களும் உள்ளே போனார்கள். காலணி மாடங்களில் ஒழுங்காக இருந்த அவர்கள் செருப்புகளை அள்ளி, வாசலில் ஒரே குவியலாகக் கொட்டினாள்.

வெளியே வந்த அதிகாரி சுடுகல்லில் குதித்தார். "என் செருப்பு எங்கேம்மா?"

"எல்லாம் ஒரே இடத்துலதான் சார் கிடக்கு. பெருமையாத் தேடுங்க."

நிழலில் ஒதுங்கிய ஊழியர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. மனிதர் காலை மாற்றி மாற்றி வைத்துக் குவியலைக் கிளறினார். ஒற்றைச் செருப்புத்தான் அகப்பட்டது.

"உன் அட்டவணையைப் பிரிச்சுத் தொலை, தாயே!"

சாயங்காலமே பிரித்தாள். பெயரைத் தட்டியதும் பதிவு வந்து நின்றது. அதிகாரியின் கால் கொப்புளம் ஆறத்தான் நாளாயிற்று.