அஞ்சு தோட்டா துப்பாக்கி

சிங்கமடை ஜமீன்தார் பன்றி வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியதே கிடையாது. அரண்மனைக் கூடத்துச் சுவரில் முப்பத்திரண்டு பன்றித் தலைகள் மாட்டியிருந்தன.

ஒருநாள் பட்டணத்து வியாபாரி ஒருவன் புது ரைஃபிளோடு வந்து நின்றான்.

"மேல இருக்கிற இந்தத் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துத் தள்ளிச் சுட்டா அஞ்சு தோட்டா மடமடன்னு பாயும் மகாராஜா. உங்க பழசுல ஒண்ணுதானே!"

வேட்டையில் புதர் தட்டி மிருகம் கலைக்கும் உச்சிமாகாளியை ஜமீன்தார் கூப்பிட்டார்.

"லேய், இதை வாங்கலாமா, வேண்டாமா? பொய் சொன்னே, தோலை உரிச்சிருவேன். நான் குறி வைக்கிறதைக் குத்தம் சொன்னாலும் உரிச்சிருவேன்!"

உச்சிமாகாளி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு துப்பாக்கியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"எசமான் குறி வைக்கிறதைப் பத்தி நான் வாயே திறக்கல. துப்பாக்கியும் நல்ல துப்பாக்கிதான். ஆனா வேண்டாம் சாமி."

"ஏம்லே?"

"பழசுல நீங்க ஒரு வெடி போடுவீக. முந்தின நாளே வலையில புடிச்சுக் கொன்னு வச்ச பன்னியை நான் புதருக்குள்ளேருந்து இழுத்துட்டு வந்துருவேன். இதுல அஞ்சு வெடி போட்டீகன்னா, அஞ்சு பன்னிக்கு நான் எங்கே சாமி போவேன்?"

வியாபாரி சத்தமில்லாமல் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்தான்.

ஜமீன்தார் மெல்ல நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். முப்பத்திரண்டு தலைகளும் உச்சிமாகாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.