பூவணத்து நங்கையின் மிச்ச எழுத்துகள்

அன்று காலை கோவிலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர். குரு ஆவுடையம்மை, வயது நாற்பத்து மூன்று. அவரிடம் மூன்று வருடமாகச் சீடராக இருக்கும் திருமலைக்கொழுந்து, வயது அறுபத்தொன்பது. பூசை செய்யும் அம்பலவாண பட்டர். பூக்காரி பேச்சி. வெல்டிங் பட்டறை மரியதாசன். ஆக ஐந்து பேர்.

தரையில் கிடந்தவள் ஒருத்தி. அவளையும் சேர்த்தால் ஆறு.

அவள் கல். மண்டபத்து வாசற்படியைத் தாண்டியதும், நடைவழியில், தரையிலேயே செதுக்கியிருந்தார்கள். மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் பதித்து, சந்நிதியைப் பார்த்துக் கும்பிட்டபடி கிடந்தாள். எண்ணூறு வருடமாக ஒரே கும்பிடு.

"அம்மா, இந்த ஜனங்களுக்குக் கண்ணே கிடையாதா?" என்றார் கொழுந்து.

"என்ன செய்தாங்க?"

"மிதிக்கிறாங்க. வர்றவன் போறவன் எல்லாம் அவ தலையிலயே மிதிக்கிறான்."

ஆவுடையம்மை வெளிக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ஆற்றுக்கு அக்கரை மடத்திலிருந்து இன்றுதான் முதல் தடவையாக இந்தக் கோவிலுக்கு வருகிறார். கொழுந்துதான் அழைத்திருந்தார்.

"அவளைச் சுத்தி எழுத்து இருக்கும்மா. இடப்பக்கம் அவ பேரு, 'பூவணத்து நங்கை'. வலப்பக்கம் கடைசி வரி. பதினோரு வருசமா எண்ணிட்டு வாறேன். தை முதல் வெள்ளிக்குக் கோலமாவு தூவி எண்ணுவேன். மொதல்ல பதினேழு. நாலாம் வருசம் 'வ' போச்சு. இந்தத் தையில 'து' போச்சு."

"மிச்சம் எத்தனை?"

"பதினஞ்சு."

கொழுந்து சர்வே ஆபீசில் நிலமளக்கும் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். படிப்பு ஒன்பதாம் வகுப்பு. கல்லெழுத்தைத் தானாகவே கற்றுக்கொண்டு, சுற்றுப்பட்டுக் கோவில்களில் நானூற்றுப் பன்னிரண்டு கல்வெட்டுகளைப் படித்துவிட்டார். படித்தவர்களுக்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் இந்தக் கல்லுக்காக அறுபத்து மூன்று மனு போட்டார். அதில் வந்த அனுமதியில் செய்ததுதான், மண்டபத்துத் தூணில் சாய்ந்திருந்த எவர்சில்வர் வேலி.

வேலியின் நெற்றியில் ஒரு பலகை. 'உபயம்: திருமலைக்கொழுந்து.'

வாசலில் நின்றபடியே ஆவுடையம்மை அதைப் படித்தார்.

"எத்தனை எழுத்து அண்ணாச்சி?"

"பதிமூணு." கொழுந்து தலையைக் குனிந்துகொண்டார். "வேண்டாம்னுதான் சொன்னேன். மரியதாசன்தான் கேக்கலை."

"எழுத்தை இன்னும் பெருசா வெட்டுன்னு சொன்னது யாரு?" என்றான் மரியதாசன்.

பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேலி வந்தா நல்லதுதான்" என்றார் பட்டர். "இவர் தினமும் அவளைத் தாவித் தாவி உள்ள வாறார். இந்த வயசுல ஆட்டுக்குட்டி மாதிரி. ஒருநாள் இடுப்பு முறியப்போகுதுன்னு நான் பயந்துட்டே மணி அடிக்கிறேன்."

"சிரிங்க" என்றார் கொழுந்து. "கடைசி வரியைப் படிச்சிருந்தா சிரிக்க மாட்டீங்க. 'அடி என் தலை மேலன.' தர்மம் செய்தவங்க கல்லுல வெட்டுற வாசகம் அது. 'இத்தர்மம் காத்தார் அடி என் தலை மேலன.' இதை எவன் காப்பாத்துறானோ அவன் காலை நான் தலையில வச்சுக்கிறேன்னு அர்த்தம். ஒரு பொம்பளை எண்ணூறு வருசமாக் கேட்டுட்டுக் கிடக்கா. காப்பாத்த ஒருத்தரும் வரலை."

"அந்த 'இத்தர்மம் காத்தார்' எங்க இருக்கு?"

"தலைமாட்டுல. எங்க அப்பா காலத்துக் கும்பாபிஷேகத்துக்குத் தரையை நிரவுறோம்னு சிமெண்டைப் பூசிட்டாங்க. பார்க்க வேண்டியதில்லம்மா. நானூத்திப் பன்னெண்டு பார்த்திருக்கேன். அதுதான் இருக்கும்."

ஆவுடையம்மை தலையை ஆட்டினார். படியைத் தாண்டினார்.

வலது காலை அவள் முதுகில் வைத்தார். இடது காலை அவள் தலையில் வைத்தார். பிறகு இரண்டு காலையும் அவள் தலையில் சேர்த்து வைத்து நின்று, சந்நிதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

கொழுந்து இரண்டு கையாலும் வாசல் நிலையைப் பற்றினார்.

கழுவிய காலின் ஈரம் கல்லில் வழிந்தது. அந்த அம்மாள் அவசரமே இல்லாமல், கண்ணை மூடி, நின்றுகொண்டே இருந்தார்.

"அம்மா!" குரல் கீச்சென்று வந்தது. "மிதிக்கீங்களே!"

"ஆமா."

"இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமுமா?"

"வழியிலதானே கிடக்கா."

"நீங்களே மிதிச்சா, நான் வேற யாருகிட்டப் போய்ச் சொல்ல? இந்த மூணு வருசம் உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அந்தக் கால்தானே இது?"

பேச்சியின் கையிலிருந்து பூச்சரம் நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஆவுடையம்மை இறங்கி ஓரமாக நின்றார். "வேலையை ஏன் நிறுத்தணும்? மரியதாசா, நீ பாரு."

"வேலி வேணுமா, வேண்டாமா அண்ணாச்சி?" என்றான் மரியதாசன். "இப்பவே சொல்லிருங்க."

"வேணும்" என்றார் கொழுந்து, குருவைப் பார்க்காமல். "இப்பத்தான் ரொம்ப வேணும்."

வேலியின் முன்கால் இரண்டும் சிமெண்டில் இறங்க வேண்டும், கல்லில் உளி படக் கூடாது என்று அவரே அளந்து கோடு போட்டுக் கொடுத்திருந்தார். மரியதாசன் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உளியை வைத்தான். மூன்று தட்டுத் தட்டினான்.

குழி விழவில்லை. பூச்சு முழுவதும் ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்தது.

"ஏ, அடியில எழுத்து" என்றான்.

பட்டர் எட்டிப் பார்த்தார். "நேத்து வெட்டுன மாதிரில்ல இருக்கு."

சிமெண்ட் பூசிய நாளிலிருந்து ஒரு கால்கூட அதன்மேல் பட்டதில்லை. பேச்சி ஓடிப்போய்க் கோலமாவு கொண்டுவந்து தூவினாள். எழுத்து வெள்ளையாக எழுந்தது.

படிக்கு வெளியே நின்ற கொழுந்து கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டினார். "அப்படியே இருங்க. தொடாதீங்க, தொடாதீங்க" என்றபடி உள்ளே வந்து, குனிந்து, விரலை எழுத்தில் வைத்தார்.

"இ" என்றார். அதற்குள் முகம் மலர்ந்துவிட்டது. 'இத்தர்மம்' என்று வாய் தானாகவே தொடங்கியது.

விரல் அடுத்த எழுத்தில் நின்றது.

அங்கே 'த்' இல்லை.

ஒவ்வொன்றாகத் தொட்டார். திரும்ப முதலிலிருந்து தொட்டார். மூன்றாம் தடவை, இடப்பக்கத்துப் பேரையும் வலப்பக்கத்து வரியையும் சேர்த்து வாய்விட்டுப் படித்தார்.

"பூவணத்து நங்கை. இவ்வெழுத்தழிய மிதித்தார் அடி என் தலை மேலன."

"என்ன அர்த்தம்?" என்றாள் பேச்சி.

பட்டர்தான் மெதுவாகச் சொன்னார். "இந்த எழுத்து அழிஞ்சு போற மாதிரி எவன் மிதிக்கிறானோ, அவன் காலை நான் தலையில வச்சுக்கிறேன்."

"அய்யோ" என்றாள் பேச்சி. "பேரு அழியணும்னு யாராவது பேரை வெட்டுவாங்களா?"

"வெட்டாத பேரு எப்படி அழியும்?" என்றார் ஆவுடையம்மை.

மரியதாசன் உளியைக் கீழே வைத்தான். "அண்ணாச்சி, உங்க கால்."

கொழுந்து குனிந்து பார்த்தார். பதினோரு வருடம் தாவிய கால். படிக்கிற அவசரத்தில் இன்று தாவ மறந்துவிட்டது. வலது பாதம் முழுசாக அவள் தலைமேல் இருந்தது.

உடம்பு தூக்கிப்போட்டது. ஆனால் காலை எடுக்கவில்லை.

கல் குளிர்ந்திருந்தது. குருவின் கால் ஈரம் இன்னும் காயவில்லை.

மரியதாசன் கேட்டான். "வேலியை என்ன செய்ய?"

"அண்ணாச்சி" என்றார் ஆவுடையம்மை. "மிச்சம் எத்தனை?"

கொழுந்து விரலை மடக்கினார். இடப்பக்கம் ஆறு. வலப்பக்கம் ஒன்பது. தலைமாட்டில் புதிதாக வந்தது பதின்மூன்று. ஆக இருபத்தெட்டு.

சொல்ல வாயைத் திறந்தவர் நிறுத்தினார். தூணில் சாய்ந்திருந்த வேலியைத் திரும்பிப் பார்த்தார். அதன் பலகையில் வெயில் பட்டு, பதின்மூன்று எழுத்தும் பளபளத்தன. மறுபடியும் விரலை மடக்கினார்.

"நாப்பத்தொண்ணு" என்றார்.