இரண்டு வாய் மணி

ஆப்பிரிக்காவில் ஒரு காட்டில், ராஜா வருவதைச் சொல்வது ஓர் இரும்பு மணி. சாதாரண மணியா அது? ஒரே கைப்பிடியில் பெரிது ஒன்று, சிறிது ஒன்று என இரண்டு வாய். உள்ளே நாக்கு கிடையாது. குச்சியால் தட்டினால்தான் பேசும். பேசிவிட்டால் அத்தனை மிருகங்களும் வழிவிட்டுக் குனியும்.

கழுதைப்புலிக்கு மட்டும் யாரும் குனிந்ததே இல்லை. அதைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவார்கள். பாவம், அதற்கு அந்த ஏக்கம் தீரவே இல்லை.

"சிங்கத்துக்கு என்ன மரியாதை? எல்லாம் அந்த இரும்புக்குத்தான்" என்று பொருமிக்கொண்டே திரிந்தது.

ஒரு நாள் சிங்கராஜா ஆற்றில் குளிக்க இறங்கியதும், கரையில் கிடந்த மணியைத் தூக்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டது கழுதைப்புலி. கைப்பிடியில் கட்டியிருந்த கயிற்றைக் கழுத்தில் மாட்டி, குச்சியால் 'டங், டிங்' என்று தட்டியது.

வருவது யாரென்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மான்கள் குனிந்தன. காட்டுப்பன்றிகள் குனிந்தன. ஒட்டகச்சிவிங்கிகூட அவ்வளவு நீளக் கழுத்தையும் வளைத்துக் குனிந்தது. கழுதைப்புலிக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது ஆமை முன்னே வந்தது. "ராஜா, நல்ல நேரத்தில் வந்தீர்கள். குளக்கரையில் மதயானை நிற்கிறது. நம் குட்டிகள் அங்கே மாட்டிக்கொண்டன. வாருங்கள், போகலாம்."

"நானா? நான் எதற்கு?"

"பெரிய வாய் எங்களைக் குனியச் சொல்கிறது. சின்ன வாய், ஆபத்து வந்தால் உங்களை முன்னே நடக்கச் சொல்கிறது. இரண்டையும் நீங்கள்தானே தட்டினீர்கள்?"

கழுதைப்புலி இரண்டடி பின்வாங்கியது. "என்னைப் பார்த்தால் ராஜா மாதிரியா இருக்கிறது?"

"முகம் எதுவானால் எங்களுக்கென்ன? மணி உங்கள் கழுத்தில்தானே இருக்கிறது" என்றது ஆமை. பின்னாலிருந்து காட்டுப்பன்றிகள் மிகுந்த மரியாதையோடு முட்டித் தள்ளின.

குளக்கரையில் யானை தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது. கழுதைப்புலி அவசர அவசரமாக மணியைக் கழற்றி, "இந்தா, நீ மாட்டிக்கொள்" என்று பன்றியிடம் நீட்டியது. மானிடம் கெஞ்சிப் பார்த்தது. ஒருவரும் வாங்கவில்லை.

ஈரம் சொட்டச் சொட்டச் சிங்கராஜா ஓடி வந்தார். அவர் காலடியில் மணியைப் போட்டு, "பத்திரமாக வைத்திருந்தேன் ராஜா" என்று பல்லைக் காட்டியது கழுதைப்புலி.

அவர் மணியை மாட்டிக்கொண்டு முன்னே நடந்தார். அவருக்கும் கால் நடுங்கியதைக் கழுதைப்புலி பார்த்தது. ஆனாலும் அவர் நிற்கவில்லை. யானைக்கும் குட்டிகளுக்கும் நடுவே போய்க் கர்ஜித்தார். யானை முறைத்தது; கொஞ்ச நேரம் மண்ணை வாரி இறைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் மணி ஒலித்தபோது, முதலில் குனிந்தது கழுதைப்புலிதான். மூக்கு மண்ணில் உரசும் அளவுக்குக் குனிந்தது.

நீதி: மரியாதையில் முன்னே நிற்க விரும்புகிறவர், ஆபத்திலும் முன்னே நிற்க வேண்டும்.