ராஜாவுக்கு வெள்ளையக்காள் போட்ட சாப்பாடு

ஒரு காலத்தில் காரைமலை நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் எந்த நேரத்தில் எதற்குக் கோபம் வரும் என்று யாருக்கும் தெரியாது. சண்டை சச்சரவு இல்லாத நாடு, நெய் வழியும் மடைப்பள்ளி. பத்து வருஷத்தில் ராஜா உட்கார்ந்தால் சிங்காசனமே தெரியாத அளவுக்குப் பெருத்துவிட்டார்.

பங்குனித் திருவிழாவில் ராஜா குதிரையேறி நான்கு வீதியும் சுற்றிவரவேண்டும். அந்த வருஷம் ஐம்பது நாள் முன்னதாக ஒத்திகை பார்த்தார்கள். நான்கு வீரர்கள் தாங்கிப் பிடித்தும் ராஜாவால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. திருவிழாவுக்குப் பக்கத்து நாட்டுத் தூதர்கள் வருவார்கள். இதை அவர்கள் பார்த்துவிட்டுப் போனால் அடுத்த மாதமே எல்லையில் படை வந்து நிற்கும்.

பட்டினி கிடக்கச் சொன்ன வைத்தியரை ராஜா நாட்டைவிட்டே விரட்டினார். "ஒருவேளைகூட நான் பசியோடு எழுந்திருக்க மாட்டேன். ஆனாலும் இளைக்கவேண்டும். வழி தெரிந்தவர் சொல்லுங்கள்" என்றார். 

சபை வாசல் காவலன் கருவாயனுக்கு மோர் கொண்டுவந்திருந்தாள் அவன் மனைவி வெள்ளையக்காள். "நம்ம வீட்டிலே யாரும் பசியோடு எழுந்ததில்லை, யாருக்கும் தொந்தியும் இல்லையே" என்று புருஷனிடம் முணுமுணுத்தாள். அது மடைப்பள்ளி அதிகாரி மாதேவப்பர் காதில் விழுந்துவிட்டது. ராஜாவின் நாக்கு தன் கையில் இருக்கும்வரைதான் தனக்கு மரியாதை என்பது அவருக்குத் தெரியும். இவள் தோற்றுவிட்டால் இனி ஒருவனும் மடைப்பள்ளிப் பக்கம் விரல் நீட்ட மாட்டான். "மகாராஜா, இந்த அம்மாவுக்கு வழி தெரியுமாம்" என்று அவளைச் சபைக்கு இழுத்துவிட்டார்.

வெள்ளையக்காள் ராஜாவைக் கும்பிட்டாள்.  சமைத்துப் போடுகிறேன், ஆனால் அடுப்படிச் சூட்டோடு சாப்பிட்டால்தான் என் சமையல் ருசிக்கும், இரண்டு வேளையும் மகாராஜா மலையடிவாரத்தில் என் வீட்டுக்கு நடந்து வரவேண்டும் என்றாள். ராஜாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒப்புக்கொண்டார்.

"நான் குதிரை ஏறாவிட்டால் உன் தலையும் இருக்காது, உன் புருஷன் தலையும் இருக்காது" என்றார்.

மறுநாள் ராஜா மலைமேல் அரண்மனையிலிருந்து இருநூறு படி இறங்கி, மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார். வெள்ளையக்காள் சோற்றை முதலில் போடவில்லை. ஒரு கிண்ணம் கொள்ளு ரசம், அப்புறம் வாழைத்தண்டுப் பொரியல், முருங்கைக்காய் போட்ட பருப்பு, கீரை மசியல். முருங்கைக்காயை மென்று சாறு உறிஞ்சித் துப்புவதற்குள் பாதி வயிறு நிறைந்துவிட்டது. கடைசியில்தான் இரண்டு கரண்டி சாமைச் சோறும் மோரும். தாளிக்க ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். ராஜா ஏப்பம் விட்டுக்கொண்டு படியேறிப் போனார். இடுப்பை அளக்கக் கயிறு ஒன்று வைத்திருந்தார்கள். பதினைந்து நாளில் அளவு நான்கு விரல் குறைந்தது.

அதற்குப் பிறகு குறையவில்லை. இருபத்தைந்தாம் நாள் ஒரு விரல் கூடியிருந்தது. சபை நடுவில் ராஜா கயிற்றை அவள் காலடியில் எறிந்தார். "நீ போடுவதைத் தவிர ஒரு பருக்கை நான் தொட்டதில்லை. என்ன சமைக்கிறாய் நீ?"

மாதேவப்பர் அனுதாபத்தோடு தலையாட்டினார்.

அன்றைக்கு மத்தியானம் பரிமாறக் குனிந்தபோது ராஜாவின் அங்கவஸ்திரத்தில் ஏலக்காயும் நெய்யும் மணத்ததை வெள்ளையக்காள் கவனித்தாள். அவள் வீட்டில் ஏலக்காய் கிடையாது. ராஜா போனதும் கருவாயனிடம் சொன்னாள்.  "ராஜா பொய் சொல்கிறார் என்று சபையில் சொல்லப்போகிறாயா? திருவிழா வரைக்கும்கூட நம்மை விட்டுவைக்க மாட்டார்கள்" என்றான்.

 வெள்ளையக்காள் கூடையை எடுத்துக்கொண்டு மலைச்சரிவுக்குப் போனாள்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலைக்குப் பதிலாக இரண்டு பச்சை இலையை நீட்டினாள். "நன்றாக மென்று வாயில் ஒதுக்கிக்கொள்ளுங்கள் மகாராஜா. செரிமானத்துக்கு நல்லது." லேசான கசப்பு. ராஜா மென்றுகொண்டே படியேறினார்.

ஒரு நாழிகைகூட ஆகவில்லை, மகாராஜாவின் நாக்குக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவளை இழுத்துப்போக வீரர்கள் வந்தார்கள்.  தன் கணக்கு தப்பியிருந்தால் அந்தப் படிகளில் இதுவே அவளுக்குக் கடைசி ஏற்றம்.

சபையில் ராஜா மாதேவப்பரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "மண்ணை உருட்டித் தருகிறாயா எனக்கு? வாயில் வைத்தால் மணல் மாதிரி நறநறக்கிறது."

மாதேவப்பர் கைகூப்பினார். "ஐயோ மகாராஜா, சுத்தமான பசுநெய், வெள்ளைச் சர்க்கரை. இந்தப் பத்து நாளும் தினம் ஆறு லட்டு என் கையாலேயே பிடித்து அனுப்புகிறேன். ஒரு நாளாவது குறை சொன்னீர்களா?"

 தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது மாதேவப்பருக்கு அப்புறம்தான் உறைத்தது. ராஜாவுக்கும் உறைத்தது. மெதுவாக வெள்ளையக்காள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு என்ன கொடுத்தாய்?"

"சிறுகுறிஞ்சான் இலை, மகாராஜா. அதை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்பு தெரியாது. வேறு கெடுதல் இல்லை. என் வீட்டுச் சாப்பாட்டில் இனிப்பு கிடையாது, அதனால் நஷ்டம் இல்லை என்று நினைத்தேன்."

அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை.  ராஜா, "கயிறு பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்" என்றார்.

மிச்சமிருந்த நாளெல்லாம் அவள் போட்டதை மட்டுமே சாப்பிட்டார். திருவிழாவன்று தூதர்கள் பார்த்திருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு வீரன் தோளைப் பிடித்துக் குதிரையில் ஏறி உட்கார்ந்தார். கூட்டத்தில் நின்ற வெள்ளையக்காள் அப்போதுதான் புருஷன் கையை விட்டாள்.

மடைப்பள்ளிச் சாவி அவளிடம் வந்தது. ஆனாலும் ராஜா மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்கே படியிறங்கி வந்துகொண்டிருந்தார். மாதேவப்பரை ராஜா சிறையில் போடவில்லை. ஒரு மண்டலம் மூன்று வேளையும் அவருக்கு லட்டு மட்டும்தான் என்று உத்தரவு போட்டார்.

நான்காம் நாள் மத்தியானம் வெள்ளையக்காள் வீட்டு வாசலில் மாதேவப்பர் வந்து நின்றார். தலை நிமிரவில்லை. "கொஞ்சம் ரசம் கிடைக்குமா தாயே?" என்றார்.

அவள் உள்ளே போய் இன்னொரு வாழையிலை எடுத்துவந்து, ராஜாவுக்குப் பக்கத்திலேயே போட்டாள்.