சுகந்தி பேர் போட்ட தட்டு

ஊர்க் கோடியில், வாய்க்காலைத் தாண்டி ஒரு ஓட்டு வீட்டில் மரகதக்கா இருந்தார். ஆசிரமம் என்று பலகை எதுவும் மாட்டவில்லை. ஆனாலும் மனசில் கேள்வி இருக்கிறவர்கள் அங்கேதான் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருத்தி சுகந்தி. அவளைவிட மரகதக்காவுக்கு ஐந்தாறு வயசுதான் கூட இருக்கும். இருந்தாலும் ஊருக்கே அவர் குரு. கூப்பிடுவது மட்டும் அக்கா என்றுதான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்கள் வெறுங்கையோடு வர வேண்டும். வீட்டில் கிடக்கிற வேலையில் ஒன்றை எடுத்துச் செய்துகொண்டே கேட்க வேண்டும். சும்மா உட்கார்ந்து கேட்கிற கேள்விக்கு அக்கா வாயைத் திறக்க மாட்டார்.

சுகந்தி கூச்சக்காரி. முதல் தடவை வந்தபோது வாசலைக் கூட்டிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த தடவை பாத்திரம் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள். கேள்வி மட்டும் வரவில்லை.

"இந்தப் புள்ளைக்குக் கேள்வி வர்றதுக்குள்ள என் வீட்டுக்கு வெள்ளையே அடிச்சு முடிச்சுருவா" என்று அக்கா சொல்லிச் சிரித்தார்.

இன்றைக்குப் புளி. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கொட்டையை எடுத்தபடியே கேட்டுவிட்டாள்.

"அக்கா, வீட்டுச் செலவைக் குறைக்க ஒரு வழி சொல்லுங்க."

"ஏன் அம்மிணி?"

"தறி ஷெட்டுல அவருக்கு ஷிப்டைக் குறைச்சுட்டாங்க. பாதிச் சம்பளந்தான் வருதுங்க."

"நீ என்ன பண்ணிப் பார்த்த?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கச் செலவில்ல. சொல்லு."

"பேஸ்ட்டு தீந்துபோனா டியூப்பைக் கத்தரியில வெட்டி வழிச்செடுப்பேன். இன்னும் ஒரு வாரம் ஓடும். எண்ணெய் பாக்கெட்டைக் கிழிச்சு உள்பக்கத்தைச் சப்பாத்தி மாவுல துடைச்சுக்குவேன். அரிசி நல்லாக் கொதிச்சதும் அடுப்பை அணைச்சு, பானையைப் போர்வையில சுத்தி வெச்சுட்டாத் தன்னால வெந்துக்குதுங்க."

"போர்வையிலயா?"

"ஆமாங்க. ஒரு நாள் அவரு இருட்டுல பார்த்துட்டு, குழந்தை தூங்குதுன்னு நெனச்சுப் பானையைத் தட்டிக் குடுத்துட்டு இருந்தாரு."

அக்காவுக்குப் புளியைப் பிடிக்க முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பைப் பார்த்ததும் சுகந்திக்கும் தைரியம் வந்தது.

"தக்காளியை ஒரே வண்டியில வாங்க மாட்டனுங்க. மூணு வண்டியில கால் கிலோ கால் கிலோவா வாங்குனா, மூணு பேருமே கொசுறுக்குக் கறிவேப்பிலை தருவாங்க."

"டிவி?"

"கேபிளை நிறுத்தியாச்சு. பக்கத்து வீட்டுச் சீரியல் சுவத்தோரமா உட்கார்ந்தாக் கேக்கும். அழுகைச் சத்தத்தை வெச்சே மாமியாரா மருமகளான்னு கண்டுபிடிச்சுருவேன்."

"அப்புறம் என்ன? இதுக்கு மேல உனக்கு நான் என்ன சொல்லித் தர்றது?"

சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். கையில் இருந்த கொட்டையை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணு மட்டும் கைக்கு அடங்கலீங்கக்கா. பால்மாவு டப்பா."

"எப்ப இருந்து வாங்குற?"

"ஆடி நோம்பி முடிஞ்சதுல இருந்துங்க. அதுவரைக்கும் என் பாலே போதும். இப்பப் பத்த மாட்டேங்குது. ராத்திரியெல்லாம் அழுகறான். அந்த டப்பா விலைக்கு ஒரு வாரத்துக்கு மளிகையே வாங்கலாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலை இறக்கிக் கேட்டாள். "டப்பாவுல போட்டிருக்கற அளவைவிடத் தண்ணி கொஞ்சம் சேர்த்துக் கலக்கலாங்களா?"

அக்காவின் கை நின்றது.

"கலக்கிட்டயா?"

"இல்லீங்க. உங்களைக் கேட்டுட்டு..."

"கலக்காத. அதுல போட்டிருக்கற அளவுதான் அளவு."

அக்கா குழந்தையைப் பார்த்தார். அப்புறம் சுகந்தியைப் பார்த்தார். அவள் கழுத்தெலும்பையும், முழங்கைக்கு வழுக்கிக்கொண்டு போகிற வளையலையும் பார்த்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே? மத்தியானம் உன் வீட்டுக்குச் சாப்பிட வர்றேன்."

சுகந்திக்குத் திக்கென்றது. செலவைக் குறைக்கக் கேட்டால் குருவே சாப்பாட்டுக்கு வருகிறார்.

"வாங்கக்கா" என்றாள் மெதுவாக.

"புதுசா ஒண்ணும் பண்ணக் கூடாது. தினமும் அளக்கிற மாதிரியே அளந்து, ஒரு ஆளுக்கு மட்டும் சேர்த்துப் போடு."

மறுநாள் அக்கா சொன்னபடியே வந்தார். சுகந்தி குடியிருந்தது ஒரே அறை வீடு. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் தொட்டில். புருஷன் நல்லசிவம் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு பாய் விரித்தான்.

"வாங்கக்கா. இவ சிக்கனத்தைப் பார்க்க வந்தீங்களா? எங்க வீட்டுல பல்லு விளக்கற பிரஷ்ஷுக்குக்கூட ரிட்டயர்மென்ட் கிடையாது. பல்லுக்கு அப்புறம் சீப்பு கழுவ, சீப்புக்கு அப்புறம் சைக்கிள் செயின் துடைக்க."

"நீ ஷெட்டுக்குச் சைக்கிள்லதான் போறயா?"

"பஸ்ஸை விட்டாச்சுங்க. அந்தச் செலவைக் குறைச்சது நான்" என்று பெருமையாகச் சொன்னான்.

சுகந்தி இரண்டு தட்டு வைத்தாள். முருங்கைக் கீரைக் கூட்டு, ரசம், சோறு. கீரை பின்பக்கத்து மரத்தில் பறித்தது. இரண்டு பேருக்கும் தாராளமாகவே போட்டாள்.

அக்கா சோற்றில் கை வைக்கவில்லை.

"உன் தட்டு எங்க?"

"நீங்க சாப்பிடுங்கக்கா. நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்."

"அவ எப்பவும் அப்படித்தானுங்க" என்றான் நல்லசிவம். "எனக்குப் போட்டுட்டு, நான் ஷெட்டுக்குப் போனதுக்கப்புறந்தான் சாப்பிடுவா."

"நீ பார்த்திருக்கயா?"

"எதைங்க?"

"அவ சாப்பிடறதை."

நல்லசிவம் கூட்டைத் தொட்ட கையோடு சுகந்தியைத் திரும்பிப் பார்த்தான்.

அக்கா எழுந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் பாத்திரம் கவிழ்த்து வைக்கிற இடத்தில் வேறு தட்டு இல்லை. அண்ணாந்து பார்த்தார். பரண் ஓரத்தில், பழைய பெட்டிக்கு மேல், ஒரு எவர்சில்வர் தட்டு தெரிந்தது. எட்டி எடுத்தார். தூசியை விரலால் தள்ளினதும் எழுத்துத் தெரிந்தது. கல்யாணத்துக்குச் சீராக வந்த தட்டு. விளிம்பில் சுகந்தி என்று வெட்டியிருந்தது.

"இது ஏன் மேல போச்சு?"

"ஒரு தட்டு குறைஞ்சாக் கழுவற சோப்பு மிச்சமாகுங்களே" என்றாள் சுகந்தி. "சோறு மிச்சமிருந்தாப் பானையிலயே போட்டுப் பிசைஞ்சுக்குவேன்."

"எப்ப ஏத்தி வெச்ச?"

"ஆடி நோம்பிக்கு முந்தின வாரங்க."

சொன்ன பிறகுதான், நேற்றுச் சொன்னதும் அதே ஆடி நோம்பிதான் என்று சுகந்திக்கு ஞாபகம் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

நல்லசிவம் எச்சில் கையோடு எட்டி, இடது கையால் பானை மூடியைத் தூக்கினான். அடியில் ஒரு கரண்டிச் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"அக்கா வந்ததால இன்னிக்குப் பத்தலையா?" என்று கேட்டான்.

"அக்காவுக்குச் சேர்த்துத்தானுங்க போட்டேன்."

"அப்ப உனக்கு?"

"எனக்கு அவ்வளவா பசிக்கறதில்லீங்க."

நல்லசிவம் அவளைப் பார்த்தான். அப்புறம் அலமாரியில் இருந்த பால்மாவு டப்பாவைப் பார்த்தான். அக்கா கையில் இருந்த தட்டைப் பார்த்தான். மூடியை ஓசைப்படாமல் பானை மேல் வைத்தான்.

தொட்டிலில் குழந்தை சிணுங்கினான். சுகந்தி தூக்கப் போனாள்.

"நீ இரு புள்ள" என்று நல்லசிவம் எழுந்தான். கையைக் கழுவிவிட்டு டப்பாவை எடுத்து, அதில் போட்டிருந்த அளவை விரல் வைத்துப் படித்தான். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்துவிட்டுத்தான் கலக்கினான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போனான். போகும்போது திரும்பிச் சொன்னான்.

"நான் கூட்டு மட்டுந்தான் தொட்டிருக்கேன். என் சோத்துல பாதி அவளுக்குப் போடுங்கக்கா. ராத்திரிக்கு நான் நின்னு அரிசி அளக்கறேன்."

அக்கா தட்டைக் கழுவ உட்கார்ந்தார். சோப்புக் கட்டியை எடுத்து நாரில் நன்றாகத் தேய்த்தார். நுரை மணிக்கட்டு வரைக்கும் ஏறியது. சுகந்திக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"அக்கா, போதுங்க. அவ்வளவு சோப்பு எதுக்கு?"

அக்கா தேய்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் விட்டு அலசி, முந்தானையில் துடைத்து, இரண்டு தட்டுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தார். நல்லசிவம் தட்டிலிருந்து பாதியும், தன் தட்டிலிருந்து பாதியும் அதில் தள்ளினார்.

சுகந்தி உட்காரவில்லை. கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கேட்க நினைத்ததைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"நான் செலவைக் குறைக்கத்தானேங்கக்கா வழி கேட்டேன்? இப்ப அரிசியும் கூடுது. தினமும் ஒரு தட்டு கூடக் கழுவணும், சோப்பும் கூடுது."

அக்கா சோற்றின் மேல் ரசத்தை ஊற்றினார்.

"தட்டு மேல ஏறுனதுக்கப்புறந்தானே பால் குறைஞ்சு டப்பா வந்துச்சு? அரிசியை உன் வீட்டுக்காரர் பார்த்துக்குவாரு. சோப்பு நான் வாங்கித் தர்றேன். உட்காரு."